செவுள் தொட்ட கை

திருவொற்றியூர்
8-7-2025

நர்மதாவுக்கு ரேகா எய்துறது.

சௌக்கியமான்னு கேக்க மாட்டேன். நீ சௌக்கியமாதான் கீற. உங்க காலேஜ் சொவுத்துல நீ எய்துனத ஒட்டி, அதும் பக்கத்துல நீ சிரிச்சிகினு நிக்கிற போட்டோவ ஊரே பாத்துகினு கீது.

உன் நம்பர ப்ளாக் பண்ணிட்டேன். போன்ல பேசுனா நீ அயுவ, நான் எறங்கிடுவேன். அது இந்தவாட்டி வாணாம். என்னிய பேப்பர்ல போட்டு கிழிச்ச இல்ல, பேப்பர்லயே பதில் சொல்லு. வூட்டுப் பக்கம் கால வெக்காத.

நடந்தத சொல்றேன் கேட்டுக்கோ. முந்தாநேத்து ஞாயித்துக்கெயம ஆவுடையம்மா அக்கா மார்க்கெட்டுக்கு வந்தாங்கோ. மளிகைக்கடை வெள்ளத்துரை அண்ணாச்சி வூட்டம்மா. நம்ம அம்மா குந்தன காலத்துலேந்து நம்மகிட்டதான் மீனு வாங்குறாங்கோ. ஒரு நாளு கூட செவுள தூக்கிப் பாத்ததில்ல. "நீ குடுக்கறத குடுட்டி"ன்னுவாங்கோ, வாங்கினு பூடுவாங்கோ. அன்னிக்கி குனிஞ்சி ரெண்டு வெரலால செவுள தூக்கி, வெரல மோந்து பாத்தாங்கோ. அப்பால என்னிய பாத்து, "ஏட்டி ரேகா, எங்க வீட்டுக்குமா இப்பிடிப் பண்ணின?"ன்னு கேட்டாங்கோ. எனுக்கு ஒன்னியும் புரியல. போன எடுத்துக் காட்டுனாங்கோ. அவங்க பொண்ணு ராமசெல்வி உன் கிளாஸாமே. அவதான் போட்டோ புட்ச்சி அனுப்பிகீறா.

நாலு பக்கமும் நின்னுகினே படிச்சேன். மாலாவாம் பேரு. இடது புருவத்துல தழும்பு, பூவரச மரத்தடியில ரெண்டாவது எடம், செத்துப்போன அம்மா, காலேஜ் படிக்கிற தங்கச்சி. பேர மட்டும் மாத்திட்டா ஆளு மாறிடுமா? அந்த மாலா இன்னா பண்றா? ஐஸ்ல கெடந்து வெளுத்துப்போன மீனோட செவுள்ல, புது மீனோட ரத்தத்த தொட்டுப் பூசி, இன்னிக்கி வந்ததுன்னு வாடிக்க தலையில கட்றா. சோக்கா எய்திகீற.

நான் பண்ணேனாடி அத்த? இந்தக் கையி பண்ணுச்சா? நெஞ்சத் தொட்டு சொல்லு.

அன்னிக்கே நம்ம மார்க்கெட்டு பொம்பளைங்களுக்கு தலைவியா கீற செங்கொடி அக்கா வந்து என் பலவைய கவுத்து வெச்சிட்டா. அம்மா மீனு வெச்சி வித்த பலவை. அதுக்கு இன்னா அர்த்தம்னு உனுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

ரேகா

*

மாணவியர் விடுதி, தாம்பரம்
12-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கோபப்படுவதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை நீ புரிந்துகொள்ள வேண்டும். அது கதை. அதில் வரும் மாலா ஒரு பாத்திரம். எழுதுகிறவர்கள் தெரிந்த இடத்திலிருந்தும் தெரிந்த முகத்திலிருந்தும்தான் எடுப்பார்கள். எனக்கு மீன் மார்க்கெட்டைத் தவிர வேறு என்ன தெரியும்? லீவு நாள் எல்லாம் என்னை அங்கேதானே உட்கார வைத்தாய்?

இது மனோகரன் சார் வகுப்பில் கொடுத்த பயிற்சி. வாரம் ஒன்று கொடுப்பார். முதல் வாரம், பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுதணும். நான் நாம் பேசுகிற மாதிரியே எழுதிவிட்டேன். "வூட்ல கீது" என்று வாசித்ததும் வகுப்பே சிரித்தது. ராமசெல்வியும் சிரித்தாள், அவள் திருவொற்றியூரிலேயே பிறந்தவள். சார் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனி ஒருத்தரும் சிரிக்காத மாதிரி எழுதுவேன் என்று. இரண்டாவது வாரம், கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் ஒரு இடத்தை எழுதச் சொன்னார். வாசனையும் சத்தமும் மட்டும். ஐஸ் உடைக்கிற சத்தத்தை எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம், நல்லவன், கெட்டவன், பாவம் என்கிற மாதிரி வார்த்தைகளை எல்லாம் அடித்துவிட்டு எழுதச் சொன்னார். நான்காவது வாரம் எழுதியதுதான் நீ படித்தது. எழுபது பேரில் என்னுடையதைத்தான் சுவரில் ஒட்டினார்கள். அக்டோபரில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற போட்டிக்கும் அதையே அனுப்பப் போகிறார்.

இந்தக் காலேஜில் சேர்ந்து ஒரு வருடமாக யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறார்கள். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கும் வலிக்கும் அக்கா.

மார்க்கெட்டில் இருப்பவர்களுக்குக் கதைக்கும் நடந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உன் தங்கை,
நர்மதா

*

திருவொற்றியூர்
15-7-2025

நர்மதாவுக்கு,

வித்தியாசம் தெரியாதவங்கோ நாங்க. சரி. நீ படிச்சவ, நீ சொல்லு. பூவரச மரம் கதையா? என் புருவத்துல கீற தழும்பு கதையா? மூணு வயசுல ஐஸ் பொட்டி மேல ஏறி நீ வியப்போன, உன்னிய புடிக்கப் போயி நான் வாங்குனது அது. அத்தயே எனுக்கு அடையாளமா வெச்சி எய்திகீற.

உனுக்கு எய்த வரலன்னு உங்க சாருகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. அந்த மாலா வாடிக்கைய பாத்து "வாருங்கள் அம்மா, இன்று காலை வந்த மீன்"ங்குறா. எந்த மார்க்கெட்லடி வாருங்கள்னு கூப்புடுறாங்கோ? நான் அப்பிடி கூப்ட்டா மீனே எய்ந்து ஓடிடும். அப்பால, அந்த பயைய மீனோட கண்ணு பளபளன்னு கீதுன்னு எய்திகீற. ஐஸ்ல நாலு நாளு கெடந்த கொடுவா கண்ணு எங்கயாச்சும் பளபளக்குமா? உள்ள வாங்கி பாலு கொட்ன மாதிரி கெடக்கும். இது நம்ம குப்பத்துல நண்டு சிண்டுக்குக் கூட தெரியும். உனுக்கும் தெரியும். அவங்கோ சிரிக்கக்கூடாதுன்னு நீ எல்லாத்தயும் தொடச்சி எய்திகீற. தொடைக்கவேண்டியத மட்டும் தொடைக்கல.

இப்போ சேதி இன்னான்னா, செங்கொடி அக்கா பொம்பளைங்கள கூட்டி பேசிட்டா. எல்லையம்மன் கோயில்ல கற்பூரத்த கொளுத்தி, கையால அடிச்சி அணைச்சி சத்தியம் பண்ணணுமாம். எங்க எடத்துல அப்பிடி ஒன்னியும் நடக்கல, எனுக்கு ஒன்னியும் தெரியாதுன்னு சொல்லணும். சொல்லிட்டா பலவைய நிமித்திடுவாங்கோ. ஆடிக் கூழு ஆகஸ்ட் மூணாந்தேதி. கூழு ஊத்தற அன்னிக்கும் பலவை கவுந்தே கெடந்தா, எடம் வேற ஆளுக்கு பூடும். அம்மாவுக்கு அவங்க அம்மா குடுத்த எடம் அது.

நான் கோயிலுக்கு போவல. போவவும் மாட்டேன். தெனம் காசிமேட்ல மீனெடுத்து, மாத்தூர்ல தெரு தெருவா கூடைய தூக்கிகினு சுத்துறேன். மூணாவது மாடியிலேந்து "செவுள காட்டு"ன்னு கத்துறாங்கோ.

உன்கிட்ட ஒன்னுதான் கேக்குறேன். அது நானில்லன்னு எய்தி அனுப்பு. செங்கொடி அக்கா படிக்கிற மாதிரி எய்து. வாருங்கள் போங்கள் வாணாம்.

ரேகா

*

தாம்பரம்
19-7-2025

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மீன் கண்ணைப் பற்றி நீ சொன்னது சரி. எழுதும்போதே எனக்குத் தெரியும். பாலு கொட்டின மாதிரி என்று எழுதினால் வகுப்பில் எவளாவது முகத்தைச் சுளிப்பாள் என்று விட்டுவிட்டேன். அதற்காக எனக்கு எழுத வரவில்லை என்று சொல்ல நீ யார்? பத்தாவதோடு நின்றவள் நீ. என்னைப் படிக்க வைத்தது நீதான், நான் மறக்கவில்லை, நீயும் என்னை மறக்கவிட்டதில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. நீ ஏன் கற்பூரம் அடிக்க மாட்டேன் என்கிறாய்? நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. ஒரு நிமிட வேலை. கை சுடும், அவ்வளவுதான். எடம் உனக்கு வந்துவிடும், மாத்தூரில் மாடி ஏற வேண்டாம், நானும் என் பாட்டுக்குப் படிப்பேன். அதை விட்டுவிட்டு என்னிடம் கடிதம் கேட்டு மிரட்டுகிறாய். உனக்கு எடம் வேண்டுமா, இல்லை என்னைத் தலைகுனிய வைக்க வேண்டுமா?

சரி, சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதது. நான்காவது பயிற்சி என்ன தெரியுமா? "நீங்கள் செய்த, யாருக்கும் தெரியாத ஒரு தப்பை இன்னொருத்தர் கையில் கொடுத்து எழுதுங்கள். கொடுத்துப் பார்த்தால்தான் அது தெளிவாகத் தெரியும்." இதுதான் சார் சொன்னது. மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், நீ டீ வாங்கப் போன நேரத்தில் நான்தான் அந்தக் கொடுவாய்க்கு ரத்தம் தொட்டு வைத்தேன். பக்கத்தில் கிடந்த புது சங்கரா மீனிலிருந்து எடுத்தேன். நீ வந்து எதுவும் தெரியாமல் அதை ஆவுடையம்மா அக்காவுக்கு விற்றாய். அன்றையிலிருந்து என் விரலில் அந்த வாடை போகவில்லை. அதைத்தான் எழுதினேன். உன் கையில் கொடுத்தேன். வேறு யார் கை எனக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும்?

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. போதுமா? இதை மார்க்கெட்டுக்கு எழுதினால் ராமசெல்வி மறுபடியும் போட்டோ எடுப்பாள். மீன்காரி வீட்டுப் பெண், ஏமாற்றுகிறவள் என்று இந்த விடுதியில் இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டியது நான். கொஞ்சம் யோசி. கற்பூரத்தை அடித்துவிடு அக்கா.

நர்மதா

*

திருவொற்றியூர்
22-7-2025

நர்மதா,

மீன்காரி வூட்டுப் பொண்ணு ஏமாத்துறவன்னு உன்னிய சொல்லக்கூடாது. மீன்காரிய சொல்லலாம். நல்லா கீது நாயம்.

என் கையில குடுத்தியாமே. நான் கேட்டனா? ஊர்ல எம்மாம் பேரு கீறாங்கோ, சினிமாக்காரனுக்கு குடு, கவுன்சிலருக்கு குடு, உங்க சாரு கையில குடு. ஆறு வர்சமா உனுக்கு சோறு போட்ட கைதான் கெடச்சிச்சா?

கற்பூரத்தப் பத்தி இனிமே ஒரு எய்த்து எய்தாத. அது என் சமாச்சாரம். அடிக்க மாட்டேன்னா மாட்டேன். ஏன் எதுக்குன்னு கேக்க உனுக்கு ரைட்ஸ் இல்ல.

எனுக்கு நீ எய்துன லெட்டரு வாணாம். எனுக்குத்தான் சொல்லிட்டியே, அத்த வெச்சி நான் இன்னா பண்றது, மீனு கட்டவா? மார்க்கெட்டுக்கு எய்து. முடியாதுன்னா முடியாதுன்னு எய்து, தல முய்கிடறேன். கூழுக்கு இன்னும் பன்னெண்டு நாளு கீது.

ரேகா

*

தாம்பரம்
26-7-2025

அக்கா,

இரண்டு நாள் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் பாதிப் பக்கம் தடைக்காலத்தைப் பற்றி, ஐஸ் உருகியதைப் பற்றி. நான் ஏன் செய்தேன் என்பதற்கே இடம் போய்விட்டது. மனோகரன் சார் பாவம், நல்லவன் என்ற வார்த்தைகளை அடிக்கச் சொன்னது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அதை எல்லாம் அடித்தால் மிஞ்சுவது மூன்று வரிதான்.

நேற்று சாரிடம் போய், போட்டியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னீர்களே சார், திரும்ப வாங்கிக்கொள்ளணும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் போட்டிக்கு வைத்திருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். சுவரில் ஒட்டியதை நானே கிழித்து எடுத்தேன். ராமசெல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

நீ சந்தோஷப்படு. எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான். நீ கற்பூரம் அடித்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. ஆனாலும் நீ கேட்டதை இதோடு வைத்திருக்கிறேன். செங்கொடி அக்காவிடம் கொடு.

நர்மதா

(தனித்தாளில்)

மார்க்கெட்டில் இருக்கிற எல்லாருக்கும், குப்பம்மா மகள் நர்மதா எழுதுவது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூவரச மரத்தடி ரெண்டாவது எடத்தில், நாலு நாள் ஐஸில் கிடந்த கொடுவா மீன் செவுளில் சங்கரா மீன் ரத்தத்தைத் தொட்டுப் பூசியது நான். மீன் கண்ணு பாலு கொட்டின மாதிரி இருந்தது. செவுளாவது சிவப்பாக இருக்கட்டும் என்று பூசினேன். அதை ஆவுடையம்மா அக்கா வாங்கிப் போனார்கள். அப்புறம் காலேஜில் அந்தத் தப்பை என் அக்கா மேல் போட்டு எழுதினேன். அதனால் எனக்குப் பேர் கிடைத்தது.

என் அக்கா ரேகா அந்த நேரத்தில் டீ வாங்கப் போயிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

நர்மதா

*

திருவொற்றியூர்
30-7-2025

நர்மதாவுக்கு,

திங்கக்கெயம உன் லெட்டரு வந்துச்சி. சாய்ந்தரமே செங்கொடி அக்காகிட்ட குடுத்தேன். அத்தினி பேரயும் நிக்க வெச்சி சத்தமா படிச்சா. பாலு கொட்ன மாதிரின்னு வந்தப்போ ஒருத்தி, "அது கரெக்டா எய்திகீது பொண்ணு"ன்னா. யாரும் சிரிக்கல. கடைசி வரிய படிச்சிட்டு செங்கொடி அக்கா என்னிய பாத்தா. அல்லாரும் பாத்தாங்கோ. நான் தலைய ஆட்டல, ஒன்னியும் சொல்லல, சொம்மா நின்னேன். "அப்பறம் இன்னா, கற்பூரம்லாம் வாணாம்"னு அவளே பலவைய நிமித்திட்டா.

நேத்து குந்தினேன். இன்னிக்கும் குந்தினேன். காலைல ஆவுடையம்மா அக்கா வந்தாங்கோ. ஒரு சங்கராவ எடுத்து வெச்சேன். செவுள பாக்கல. என் கைய புடிச்சிகினு, "மன்னிச்சிக்கோட்டி, உன்னியப் போயி சந்தேகப்பட்டுட்டேன்"னு கண்ணு கலங்கிட்டாங்கோ. என்கிட்டடி. மன்னிப்பு என்கிட்ட கேட்டாங்கோ.

அவங்க போனதும் கடைய கட்டிட்டேன். மிச்ச மீன பக்கத்துல குடுத்துட்டு வூட்டுக்கு வந்துட்டேன்.

இப்போ கேளு. அன்னிக்கி டீக்கட மூடிகீந்துச்சி. நான் அப்பவே திரும்பிட்டேன். மரத்துக்கு அந்தாண்ட நின்னுகினு உன் வெரலு சங்கரா செவுளுக்குள்ள போறத பாத்தேன். கொடுவாயில பூசறதயும் பாத்தேன். ஐஸு தண்ணியா ஓடிகினு கீது, அந்த மீனு தள்ளுனா போதும்னு கீந்துச்சி எனுக்கு. உன்னிய ரெண்டு அறை உட்டுகீணும். உடல. வந்து குந்தினேன். ஆவுடையம்மா அக்கா வந்து புதுசாட்டின்னு கேட்டாங்கோ. காலைல வந்ததுக்கான்னு நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான். பூசுனது உன் கை, வித்தது என் வாயி.

அதான் நான் கோயிலுக்கு போவல. எனுக்கு ஒன்னியும் தெரியாதுன்னு எல்லையம்மன் எதிர்ல எப்பிடிடி சொல்றது? நீ எய்துனது அத்தினியும் பொய்யா கீந்தா எனுக்கு இவ்ளோ கோவம் வந்தே கீக்காது. கிறுக்கு புடிச்சி எய்திகீறான்னு சிரிச்சிட்டு பூடுவேன். நாலு பக்கத்துல பாதி நெஜம். எது நெஜம்னு எய்துன உனுக்கே தெரியல.

உன்னிய மட்டும் மாட்டி உட்டுட்டு நான் தப்பிச்சிக்கலாம்னுதான் பாத்தேன். பொய் சொல்லல. நீ சொன்ன பொய்க்கு பக்கத்துல சொம்மா நின்னேன், அம்மாம்தான். ரெண்டு நாளுக்கு மேல முடியல.

உன் பேப்பர செங்கொடி அக்காகிட்டேந்து கேட்டு வாங்கி இதோட வெச்சிகீறேன். "அவளுக்கு எதுவும் தெரியாது"ன்னு கீற வரிய நான் பேனாவால அடிச்சிட்டேன். அந்த எடத்துல இன்னா எய்தணும்னு உனுக்கு இப்போ தெரியும். எனுக்கு வாயில வருது, கையில வரல. நீ எய்து. சொம்மா அக்கா கிக்கான்னு போடாத. ரேகான்னு பேர போடு.

அத்த படிச்சா பலவைய மறுபடியும் கவுப்பாங்கோ. கவுக்கட்டும். அப்பால நான் கற்பூரம் அடிப்பேன், இனிமே இப்பிடி நடக்காதுன்னு. அத்த என்னால சொல்ல முடியும். எடத்த குடுத்தா குடுக்கட்டும், இல்லன்னா மாத்தூர்ல மாடி ஏறுறேன்.

உன்மேல கோவம் போவல. போவும்னு நெனச்சிக்காத. புருவத்துத் தழும்ப எய்துனியே, அத்த இன்னும் மன்னிக்கல.

இது உனுக்கு வெள்ளிக்கெயம கெடைக்கும். ஞாயித்துக்கெயம கூழு. திருப்பி தபால்ல போட்டா வந்து சேராது. நீயே எத்துகினு வா. சோறு ஆக்கி வெப்பேன்னு நெனச்சிகினு வராத, துன்னுட்டு வா. படிக்கப் போறது செங்கொடி அக்கா இல்ல. மரத்தடியில நின்னு நீதான் படிக்கணும். நான் பக்கத்துல நிப்பேன்.

ரேகா